பிள்ளை ஊர்ப் பள்ளிக்கு வந்தது, பணியிடம் வரவில்லை

தமிழ்நாட்டில் சிறப்புக் கல்வி விடுதிப் பள்ளிகளில் வேர்விட்டது. பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பாளையங்கோட்டையில் பள்ளிகள் எழுந்தன. ஆனால் ராசிபுரத்துத் தறிக்காரருக்கும் சங்ககிரிப் பக்கத்துக் கூலிக்காரருக்கும் பிள்ளையை விடுதியில் விட்டு வருவது லேசான காரியமில்லை. 1974இல் மத்திய அரசு கொண்டுவந்த ஒருங்கிணைந்த கல்வித் திட்டமும், 2001இல் தொடங்கிய அனைவருக்கும் கல்வி இயக்கமும் அந்தப் பிள்ளைகளை ஊர்ப் பள்ளிக்கே அழைத்தன. நல்ல முடிவுதான். ஆனால் ஆசிரியர் பணியிடம் அவர்களோடு வரவில்லை. சிறப்பாசிரியர் வட்டார வள மையத்தில், தொகுப்பூதியத்தில், பல பள்ளிகளுக்குப் பொதுவானவராகவே நின்றார்.

இதன் விலையைப் பிரெயில் பலகையில் பார்க்கலாம். ஆறு புள்ளிகளை ஊசியால் வலமிருந்து இடமாகக் குத்தி, தாளைத் திருப்பிப் பிறகு விரலால் இடமிருந்து வாசிக்க வேண்டும். குழந்தை தவறாகக் குத்தினால் வகுப்பாசிரியருக்குத் தெரியாது. தெரிந்தவர் அன்று வேறு ஊரில் இருப்பார். பிழை பழக்கமாகிவிடும். அப்படியானால் சிறப்புப் பள்ளிக்கே அனுப்பலாமே என்பார்கள். கடும் குறைபாடுள்ள சிலருக்கு அது தேவைதான், மறுக்கவில்லை. மற்றவர்களுக்கோ வீட்டை விட்டுப் பிரிவது தீர்வாகாது. குறை பிள்ளையிடம் இல்லை, ஆசிரியர் கணக்கில் இருக்கிறது. தொடக்கப் பள்ளியில் 10 பேருக்கு ஒருவர், நடுநிலையில் 15 பேருக்கு ஒருவர் என்று, 2021இல் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவை அடுத்து, 2022இல் மத்திய அரசு அந்தக் கணக்கை வரையறுத்தது. பணியிடங்களை அறிவிக்கும்படி மாநிலங்களுக்கு 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது.