எண்பத்தெட்டாம் சங்கீதத்துக்கு ஒரு மெட்டு

எங்கள் ஊர்ச் சர்ச்சில் சங்கீதத்தை வாசிப்போம். ஐயர் ஒரு வசனம், சபை ஒரு வசனம். (பாதிரியாரை எங்கள் பக்கம் ஐயர் என்றுதான் சொல்வோம்.) பேர் என்னவோ சங்கீதம், ஆனால் ராகமும் கிடையாது, தாளமும் கிடையாது. இருபத்து மூன்றாம் சங்கீதம் மாதிரி சிலதுக்கு மட்டும் பாட்டு உண்டு.

மூன்று வருஷத்துக்கு முன்னால் சித்தி இறந்துபோனாள். நாற்பத்தொரு வயசு. அடக்க ஆராதனையில் பாடிய எல்லாப் பாட்டும் நம்பிக்கைப் பாட்டுதான். இளைப்பாறுதல், பரலோகம், மறுபடியும் சந்திப்போம். சித்தியைப் பெற்ற ஆச்சி பாட்டுப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு வாயே திறக்கவில்லை. ராத்திரி ஏன் என்று கேட்டேன். "எனக்குக் கோவந்தாம்ல வருது. கோவத்துக்கு எங்க பாட்டு இருக்கு?" என்றாள்.

இருக்கிறது. அதைத் தேடிப் போனதில் நான் போய்ச் சேர்ந்த இடம் பதினாறாம் நூற்றாண்டு ஜெனீவா.

அதற்கு முன்னால் ஐரோப்பியக் கோவில்களில் சங்கீதங்கள் பாடப்படாமல் இல்லை. துறவிகளும் பாடகர் குழுக்களும் லத்தீனில் பாடினார்கள், ஜனங்கள் கேட்டுக்கொண்டு நின்றார்கள். மார்ட்டின் லூத்தர் சில சங்கீதங்களை ஜெர்மன் பாட்டாக்கி ஜனங்கள் வாயில் போட்டார். ஆனால் 'சிலது போதாது, மொத்தமும் வேண்டும்' என்ற பிடிவாதம் ஜான் கால்வினுடையது. 1538இல் ஜெனீவாவிலிருந்து துரத்தப்பட்டு ஸ்ட்ராஸ்பர்க் போனவர், அங்கே ஜெர்மன் சபை முழுவதும் சேர்ந்து பாடுவதைக் கேட்டார். அடுத்த வருஷமே பிரெஞ்சில் ஒரு சின்னப் புத்தகம் போட்டார். அதில் சில சங்கீதங்களை அவரே செய்யுளாக்கியிருந்தார். மற்றவை கிளமாங் மரோ என்ற கவிஞர் எழுதியவை.

மரோ பக்திமான் இல்லை. பிரெஞ்சு மன்னன் முதலாம் பிரான்சிஸின் அரசவைக் கவிஞர், காதலும் நையாண்டியும் எழுதிய கை. மத விவகாரத்தில் மாட்டி ஜெனீவாவுக்குத் தப்பி வந்து, ஒரு வருஷம்போல இருந்துவிட்டு, அந்த ஊர்க் கெடுபிடி ஒத்துவராமல் கிளம்பி, 1544இல் டுரினில் இறந்துபோனார். அவர் முடித்தது நாற்பத்தொன்பது சங்கீதம். கால்வினிடம் எனக்குப் பிடித்த ஒரே விஷயம் இங்கேதான்: மரோவின் கவிதை வந்ததும் தன் கவிதையைத் தூக்கிக் கடாசிவிட்டார். மீதி நூற்றொன்றை தியோடர் பெஸா எழுதினார். 1562இல் 150ம் முடிந்து ஒரே புத்தகமாக வந்தது.

இதில் என்ன பெரிய கஷ்டம் என்று தோன்றலாம். எபிரெய மூலத்தில் சங்கீதங்களுக்கு எதுகையும் இல்லை, அசை எண்ணும் கட்டும் இல்லை. ஒரு விஷயத்தைச் சொல்லி, அதையே வேறு வார்த்தையில் திரும்பச் சொல்வதுதான் அதன் நடை. ஒரு வரி நீளும், அடுத்தது சுருங்கும். ஆயிரம் பேர் ஒரே சமயத்தில் பாட வேண்டுமானால் அது நடக்காது. எங்கே மூச்சு விடுவது என்று எல்லாருக்கும் தெரிய வேண்டும். அதனால் வரிகளை வெட்டி, நீட்டி, சந்தத்துக்குள் அடக்கினார்கள். ஜெனீவாப் புத்தகத்தில் 110 விதமான சந்தங்கள், ஏறக்குறைய 125 மெட்டுகள்! ஒவ்வொரு சங்கீதத்தின் குணத்துக்கும் தனிச் சட்டை தைக்கப் பார்த்திருக்கிறார்கள்.

மெட்டு மட்டும் எளிமை. பெரும்பாலும் ஓர் அசைக்கு ஒரு ஸ்வரம். ஸ்வரத்தின் அளவு இரண்டே: நீளம், குறுக்கம். சர்ச்சில் வாத்தியம் கிடையாது. ஆணும் பெண்ணும் ஒரே குரலாகப் பாட வேண்டும். முதலில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து, அவர்கள் பாடப் பாடப் பெரியவர்கள் பிடித்துக்கொள்வது என்பது திட்டம்.

மெட்டுகளைச் செப்பனிட்டவர் லூயி பூர்ஷுவா. 1551இல் ஜனங்களுக்குப் பழகிய சில மெட்டுகளை அனுமதியில்லாமல் மாற்றிவிட்டார் என்று நகர மன்றம் அவரைச் சிறையில் போட்டது. கால்வின் தலையிட்டு வெளியே கொண்டுவந்தார். படிக்கும்போது சிரித்தேன். பிறகு யோசித்தால், எங்கள் சர்ச்சில் புது ஆர்கன்காரர் பழைய பாட்டைக் கொஞ்சம் வேகமாக வாசித்ததற்கு நடந்த சண்டை ஞாபகம் வந்தது. பாட்டு தன்னுடையது என்று ஜனங்கள் நினைக்க ஆரம்பித்துவிட்டதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? அந்த 1551 பதிப்பில் 134ஆம் சங்கீதத்துக்கு வந்த மெட்டுதான் பிற்பாடு இங்கிலாந்தில் நூறாவது சங்கீதத்துக்குப் போய் 'ஓல்ட் ஹண்ட்ரட்' என்று பேர் வாங்கியது. அதை நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிற வயசிலிருந்து பாடுகிறேன், எங்கிருந்து வந்தது என்று தெரியாமலே.

150ஐயும் வரிசையாகப் பாடி முடிக்க அட்டவணை அச்சிட்டார்கள். ஆறு மாதத்துக்குள் ஒரு சுற்று. யாரும் தனக்குப் பிடித்ததைப் பொறுக்க முடியாது. சபிக்கிற சங்கீதம் வந்தால் சபிக்க வேண்டும், புலம்பல் வந்தால் புலம்ப வேண்டும். பிரான்சின் ஹியூகனோக்கள் 68ஆம் சங்கீதத்தைப் பாடிக்கொண்டு போர்க்களம் போனார்கள். கொலைமேடையில் சங்கீதம் பாடாமலிருக்க நாக்கை அறுத்ததும் நடந்தது. இந்த மெட்டுகளை வீட்டில் பாட நான்கு குரலுக்கு அமைத்த குளோத் கூடிமெல், 1572 படுகொலைகளின்போது லியோனில் கொல்லப்பட்டார்.

ஸ்காட்லாந்து வேறு வழியில் போனது. 1650இல் வந்த அவர்கள் புத்தகத்தில் ஒவ்வொரு சங்கீதத்துக்கும் எட்டு அசை, ஆறு அசை என்று மாறி மாறி வரும் ஒரே சந்தத்தில் ஒரு வடிவம் உண்டு. பத்துப் பன்னிரண்டு மெட்டு தெரிந்தால் 150ஐயும் பாடிவிடலாம். படிக்கத் தெரியாதவர்களுக்காக முன்பாடகர் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, சபை பின்னால் பாடும். கவிதையாகப் பார்த்தால் பல இடங்கள் கரடுமுரடு. ஆனால் லூயிஸ் தீவில் கேலிக் மொழியில் இன்றும் அப்படிப் பாடுகிறார்கள். கேட்டுப் பாருங்கள், கடலலை மாதிரி குரல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும்.

திருப்பம் ஐசக் வாட்ஸ். 1719இல் ஆங்கிலத்தில் சங்கீதங்களைப் புதிதாக எழுதியபோது, தாவீது கிறிஸ்தவனாக இருந்தால் எப்படிப் பாடியிருப்பான் என்று யோசித்து எழுதினார். சில இடங்களில் இஸ்ரவேல் போய் பிரிட்டன் வந்தது. கிறிஸ்துமஸுக்கு உலகமே பாடுகிற 'ஜாய் டு த வோர்ல்ட்' அவர் கையில் மாறிய 98ஆம் சங்கீதம்தான். அழகான கவிஞர், சந்தேகமில்லை. ஆனால் அவர் 138 சங்கீதம்தான் எழுதினார். விட்ட பன்னிரண்டில் பாபிலோன் ஆற்றங்கரையில் உட்கார்ந்து பழிவாங்கக் கேட்கும் 137 உண்டு. 88ம் உண்டு.

88இல் ஆறுதலே கிடையாது. மற்றப் புலம்பல்களில் கடைசியிலாவது ஒரு வெளிச்சம் வரும். இதில் எபிரெயத்தின் கடைசி வார்த்தையே இருள். ஏன் என்னைத் தள்ளிவிட்டீர் என்று கேட்டவனுக்குப் பதில் வரவில்லை. வாட்ஸ் ஏன் விட்டார் என்பது எனக்குப் புரிகிறது. சந்தோஷமாக வந்து உட்கார்ந்திருக்கும் சபையை இதைப் பாடச் சொல்ல யாருக்குத்தான் மனசு வரும்? ஆனால் ஜெனீவாக்காரர்கள் அதற்கும் ஒரு மெட்டுப் போட்டுத்தான் வைத்திருந்தார்கள். துக்கம் இல்லாதவனும் அன்று அதைப் பாடியாக வேண்டும், பக்கத்து பெஞ்சில் துக்கத்தோடு ஒருத்தி உட்கார்ந்திருக்கலாம் இல்லையா.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது ஆச்சிக்கு 88ஐ வாசித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு முழுசும் கேட்டாள். "இது பைபிள்லயா இருக்கு?" என்றாள். எத்தனையோ தடவை வாசித்திருப்பாள், வாசிப்பு அப்படித்தான் காதோடு போய்விடுகிறது. போனில் ஜெனீவா மெட்டைப் போட்டேன். "எம்புட்டு மெதுவா பாடுதான்" என்று அலுத்துக்கொண்டே இரண்டு தடவை கேட்டாள். பிறகு பைபிளை வாங்கி, அந்த மெட்டில் தமிழ் வசனத்தைப் பாடிப் பார்த்தாள். முதல் வரி எப்படியோ நின்றது. இரண்டாவது வரி மெட்டு முடிந்த பிறகும் நீண்டுகொண்டே போனது.

"அடங்கமாட்டேங்குதே" என்றாள். "யாராச்சும் வெட்டிக் குடுத்தாத்தான் பாடலாம். நீ எழுதுவியால்லா, உக்காந்து வெட்டு."

நான்கு வரி வந்திருக்கிறது.