கெண்டைக்குப் பெயரிட்ட கதை

ஆற்றிலும் வாய்க்காலிலும் துள்ளும் மீன்களைக் கெண்டை, சேல், கயல் என்று பிரித்தறிந்து பெயரிட்டவர் நம் முன்னோர். விரலளவேயான சிறு மீன் முதல் ஆளைத் தோற்கடிக்கும் எடையுள்ள மகசீர் வரை, பல நன்னீர் மீன்களை விஞ்ஞானிகள் கெண்டைக் குடும்பம் என்னும் ஒரே தலைப்பில் அடக்கினர். இவற்றின் தாடையில் பல் இல்லை; தொண்டைக்குள்ளேதான் உண்டு. அப்பற்களின் அடுக்கு, வாயோரத்து மீசை, செதில்களின் எண்ணிக்கை ஆகியவற்றைக் கொண்டே இனம் பிரித்தனர். அண்மையில் மரபணு ஆய்வின் பயனாய்ச் சில சிறு மீன்கள் தனிக் குடும்பங்களாகிவிட்டன.

இந்தியக் கெண்டைகளுக்கு விஞ்ஞானப் பெயரிட்டவர்களுள் முதன்மையான ஒருவர் மைசூரை நன்கறிந்தவர். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. மறு ஆண்டு, பிரான்சிஸ் புக்கானன் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர், மைசூர் நாட்டின் பயிரையும் தொழிலையும் மக்கள் வாழ்வையும் ஆராய அனுப்பப்பட்டார். அவரே 1822இல் கங்கை மீன்களைப் பற்றிய பெருநூலை வெளியிட்டார். வங்காளத்து மீனவர் 'புந்தி' என்றழைத்த சிறு கெண்டையே அந்நூலில் 'பூண்டியஸ்' ஆயிற்று. வலை வீசியவன் வாய்ச்சொல் இவ்வாறு விஞ்ஞானத்தில் இடம் பெற்றது.

தென்னாட்டில் இப்பணியைத் தொடர்ந்தவர் ஜெர்டன் என்னும் மருத்துவர். 1849இல் சென்னை இதழொன்றில் அவர் தென்னிந்திய நன்னீர் மீன்களை விவரித்தார். காவிரிக் கெண்டை ஒன்றிற்கு அவர் இட்ட 'அருலியஸ்' என்னும் பெயரும் ஆற்றங்கரை வழக்கிலிருந்து எடுத்ததே. பின்னர் பிரான்சிஸ் டே 1875 முதல் 1878 வரை வெளியிட்ட நூலில், பல கெண்டைகளை 'பார்பஸ்' என்னும் ஒரே பேரினத்தில் சேர்த்தார்.

அப்பெருந்தொகுதி பிற்காலத்தில் சிறிது சிறிதாகப் பிரிந்தது. 2012இல் இலங்கை அறிஞர்கள் தென்னாட்டுச் சிறு கெண்டைகள் சிலவற்றிற்குத் 'திராவிடியா' எனப் பெயரிட்டனர். ஆனால் அப்பெயர் முன்னரே ஓர் ஈக்கு இடப்பட்டிருந்தது. முந்திய பெயருக்கே உரிமை என்பது விதி. ஆகவே 2013இல் அது 'ஹலுதாரியா' என மாற்றப்பட்டது. புக்கானனுக்காக மீன்களை வரைந்த ஹலுதார் என்னும் வங்காள ஓவியரின் நினைவு அப்பெயரில் நிலைத்தது.

பெயரிடுவது வெறும் ஏட்டு வேலையோ என்று சிலர் ஐயுறலாம். காவிரியின் திமில் மகசீர் அதற்கு விடை கூறும். 1946இல் மைசூருக்கருகே கபினியாற்றில், விலங்குகளைப் பாடம் செய்வதில் புகழ்பெற்ற வான் இங்கன் குடும்பத்தினர் ஒருவர் தூண்டிலில் பிடித்த மகசீரின் எடை 120 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 54 கிலோ. உலகமறிந்த இம்மீனுக்கு உறுதியான விஞ்ஞானப் பெயர் மட்டும் நெடுங்காலம் இல்லை. மகசீர் எல்லாம் ஒன்றே என்ற எண்ணத்தில், வேறோர் இன மகசீரின் குஞ்சுகளை மராட்டியத்து லோனாவாலாவிலிருந்து கொணர்ந்து காவிரியில் விட்டனர். வந்தவை பெருகின, திமில் மகசீர் அருகிப்போயிற்று. ஆற்றில் மகசீர் உண்டு என்றே கரையில் நின்றவர்க்குத் தோன்றியது; எந்த மகசீர் என்று கேட்பார் இல்லை.

2018இல்தான் உடலமைப்பையும் மரபணுவையும் ஒப்பிட்டு, அமராவதியின் கிளையான பாம்பாற்றில் முன்னர்க் கண்டறியப்பட்ட 'டோர் ரெமாதேவி' என்னும் இனமே இது எனத் தெளிந்தனர். மீனியல் அறிஞர் ரெமாதேவியைப் போற்றும் பெயர் அது. அவ்வாண்டே அழிவின் விளிம்பில் உள்ள உயிரினங்களின் உலகப் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. பெயர் உறுதியான பின்னரே அதற்காக வாதாட வழி பிறந்தது.

மைசூரில் வாழும் தமிழருக்குக் காவிரி பிறந்த நாட்டையும் புகுந்த நாட்டையும் இணைக்கும் ஆறு. அதன் மீனுக்குக் கன்னடத்தில் ஒரு பெயர், தமிழில் ஒரு பெயர் உண்டு. சந்தையில் மீன் வாங்கும்போது இரண்டையும் கேட்டறிந்து பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். புக்கானனும் ஜெர்டனும் தொடங்கியது அக்கேள்வியிலிருந்தே.