காணாத காயம்

கையிழந்த வீரனை ஊர் அறியும். காலிழந்தவனுக்கு ஊன்றுகோலே சான்று. உடலிற் கீறலுமின்றி மூளை மட்டும் புண்பட்டவனுக்குச் சான்று யாது? இவ்வினாவுக்கு விடைதேட மருத்துவ உலகம் நூறாண்டுக்கு மேல் உழைத்த வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

முதல் உலகப்போரில், பிரான்சின் பதுங்குகுழிகளருகே பீரங்கிக் குண்டுகள் இடைவிடாது வெடித்தன. 1915 பிப்ரவரியில் சார்லஸ் மையர்ஸ் என்னும் மருத்துவர், அவ்வெடிப்பில் சிக்கிய மூவரைப் பற்றி 'லான்செட்' இதழில் எழுதினார். அவர்களிடம் நினைவும் பார்வையும், மணமும் சுவையும் அறியும் ஆற்றலும் குன்றியிருந்தன. செவிப்புலனோ பெரிதும் பழுதுறவில்லை. 'ஷெல் ஷாக்', அதாவது குண்டதிர்ச்சி, என்னும் பெயர் அக்கட்டுரையால் மருத்துவ ஏடுகளிற் புகுந்தது.

பிரெடரிக் மாட் என்பார் இறந்தோர் மூளைகளை ஆராய்ந்து நுண்ணிய இரத்தக்கசிவுகளைக் கண்டார். நோய் மனத்தினுடையதே என்றனர் வேறு சிலர். அறிஞர் வழக்காடினர், பிரிட்டிஷ் படையோ ஓர் எழுத்தால் தீர்ப்பளித்தது. பகைவர் குண்டால் நேர்ந்ததெனின் 'டபிள்யூ', அன்றெனின் 'எஸ்'. முன்னவன் காயமுற்ற வீரன் என மதிக்கப்பெற்றான், பின்னவனுக்கு அம்மதிப்பில்லை. 1917-இல் 'நோய் இன்னும் துணியப்படவில்லை' என்று மட்டும் குறிக்க ஆணை பிறந்தது. வெடிப்பு நேர்ந்ததா என்பதற்குப் படைத்தலைவரின் தாளே சான்றாயிற்று. மருத்துவர் துணியவேண்டிய நோயை அலுவலகத் தாள் துணிந்தது!

இதன் விலை சிறிதன்று. போர்க்களத்தை விட்டோடியமை, கோழைமை முதலிய குற்றங்களுக்காகச் சுடப்பட்ட 306 பேருக்கு 2006-இல் பிரிட்டன் மன்னிப்பு வழங்கியது. அவர்களுள் மூளை புண்பட்டோர் எத்துணையர் என்பதை இனி எவரே கூறவல்லார்?

1971-இல் கணினி ஊடுகதிர்ப் படம் நோயாளிக்கு முதன்முறை எடுக்கப்பட்டது. 1974-இல் கிளாஸ்கோ மருத்துவர், கண் திறத்தல், பேச்சு, அசைவு ஆகிய மூன்றாலும் உணர்வுநிலையை அளக்கும் முறையை வகுத்தனர். கடுங்காயத்தை இவை காட்டின, மென்காயமோ நழுவிற்று. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களின்போது, 2006-இல், களத்திலேயே நினைவாற்றலை வினவியறியும் முறையை அமெரிக்கப் படை கைக்கொண்டது. 2016-இல், வெடிப்புக்கு ஆட்பட்ட வீரர்களின் மூளைகளில் தனித்தன்மையுள்ள வடுக்கள் இருந்தமையை ஆய்வாளர் வெளியிட்டனர். ஆனால் அவை இறந்தபின்னரே நுண்ணோக்கியிற் கண்டவை. 2018-இல் இரு புரதங்களை அளக்கும் இரத்தச் சோதனை அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஊடுகதிர்ப் படம் தேவையா என்பதை முடிவுசெய்ய அது துணைபுரியும்.

செகந்திராபாத், புனே போன்ற பாசறை நகரங்களில் வாழும் நம்மவர் பலர்க்குப் படைவீரர் அண்டைவீட்டாராவர். அவருள் ஒருவர் தலைவலி என்றோ மறதி என்றோ சொல்லின், படத்தில் ஒன்றுமில்லையே என்று நாம் புறந்தள்ளுதல் தகாது. படத்தில் காணாமை, காயம் இல்லாமை ஆகாது.