ஆளைப் பார்த்து எடுக்கும் வேலை

சில இணைய வேலைத் தளங்களில் இப்போது சுயவிபரக்கோவையோடு ஒரு வீடியோவையும் இணைக்க இடம் விட்டிருக்கிறார்கள். பெரிய புதுமை என்கிறார்கள் பிள்ளைகள். கிளிநொச்சியில் போட்டோக் கொப்பிக் கடை வைத்து, ஊராருக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்துப் பிழைக்கிறவன் நான். எனக்கு அது பழைய காணிக் கச்சேரியைத்தான் நினைவூட்டுகிறது.

1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்குப் பிறகு, வன்னிக் குடியேற்றத் திட்டங்களுக்கு ஆள் தெரிந்தது அந்தக் கச்சேரியில்தான். விண்ணப்பித்தவர் அதிகாரி முன் நேரில் போய் நிற்க வேண்டும். சொந்தக் காணி உண்டா, குடும்பத்தில் எத்தனை பேர், கமம் தெரியுமா என்று கேள்விகள் வரும். 1960களில் வேலையற்ற படித்த வாலிபருக்கென்று விசுவமடு, முத்தையன்கட்டுப் பக்கங்களில் காடு வெட்டிக் காணி கொடுத்தபோது அப்பாவும் போய் நின்றார். எஸ்.எஸ்.சி. படித்த கை, காய்ப்பு இல்லை. அதிகாரி கையைப் பார்த்துவிட்டு, "மண்வெட்டி பிடிப்பீரோ?" என்றாராம். "பிடிப்பன் ஐயா. தண்ணிக்கு என்ன வழி?" என்று அப்பா திருப்பிக் கேட்டாராம். காணி கிடைத்தது. 1970களில் செத்தல் மிளகாய் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, அந்தக் காணியில் விளைந்த மிளகாய்தான் எங்களைப் படிப்பித்தது.

அரச உத்தியோகத்துக்கு வழி வேறு. வர்த்தமானியைப் பார்த்து, சொந்தக் கையெழுத்தில் விண்ணப்பம் எழுதி, விதானையாரிடம் வதிவிட நற்சான்றிதழ் வாங்கி, சமாதான நீதவானிடம் சான்றிதழ்ப் பிரதிகளை உறுதிப்படுத்தி, பதிவுத் தபாலில் போட வேண்டும். உங்களுடைய முகம் நேர்முகப் பரீட்சை வரை யாருக்கும் தெரியாது. ஆனால் விலாசமும் பெயரும் முதல் வரியிலேயே தெரிந்துவிடும். 1977இல் வந்த ஐக்கிய தேசியக் கட்சி அரசு 'தொழில் வங்கி' என்று படிவங்களைப் பாராளுமன்ற உறுப்பினர்கள் கையில் கொடுத்தது. அதன்பிறகு படிவத்தைக் காண்பதற்கே எம்.பி. வீட்டுத் திண்ணையில் இருக்க வேண்டியதாயிற்று.

1990இல் போரோடு வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. மின்சாரம் இல்லை, பற்றறி தடை, மண்ணெண்ணெய் தங்க விலை. கொழும்புப் பத்திரிகை நாட்கள் பிந்தி வரும். விளம்பரத்தைக் கண்ணால் காணும்போது முடிவுத் திகதி போயிருக்கும். நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு வந்தாலும் வவுனியாவைத் தாண்டப் பாஸ் வேண்டும். 2002 ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தபோது விண்ணப்பங்களும் ஓடத் தொடங்கின. 2006 ஓகஸ்டில் மறுபடி பூட்டினார்கள்.

2009இல் சனம் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து முள்ளிவாய்க்கால்வரை போனபோது, பலர் கடைசிவரை கைவிடாதது பொலித்தீன் பையில் சுற்றிய சான்றிதழ்க் கட்டைத்தான். அதையும் இழந்தவர்கள் ஏராளம். முகாமிலிருந்து திரும்பியவர்களுக்குப் பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை எடுத்துக் கொடுக்க நடமாடும் சேவைகளே நடந்தன. நான் கடை திறந்ததும் அதற்குப் பிறகுதான். சுயவிபரக்கோவை அடிக்கும்போது '2004 முதல் 2009 வரை செய்த தொழில்' என்ற இடத்தில் எத்தனையோ பேர் என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் ஒன்றும் கேட்பதில்லை. 'விவசாயம்' என்று அடித்துவிடுவேன்.

பிறகு கிளிநொச்சி அறிவியல்நகரில் ஆடைத் தொழிற்சாலை வந்தது. 2016இல் அங்கேயே இலங்கை-ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனமும் திறந்தார்கள். தையல் வேலைக்குப் போன பிள்ளைகளுக்கு என் பிரதிகள் பெரிதாகத் தேவைப்படவில்லை. விரல் எவ்வளவு சுறுக்காக ஓடுகிறது என்று பார்த்தே எடுத்தார்கள். வெளிநாட்டு வீட்டுவேலைக்குப் போன பெண்களிடம் முகவர்கள் முழு உருவப் படம் கேட்டார்கள். குவைத்தில் இருக்கும் வீட்டுக்காரர் படத்தைப் பார்த்துத் தெரிவார். வீடியோவுக்கு முன்னோடி அந்தப் படம்தான்.

உலகத்திலும் இந்தக் கதைக்கு வரலாறு உண்டு. 2006இல் அலெக்ஸி வெய்னர் என்ற யேல் பல்கலைக்கழக மாணவர் பாரம் தூக்குவதும் நடனமாடுவதுமாக ஒரு வீடியோவைச் சுவிஸ் வங்கியொன்றுக்கு வேலை கேட்டு அனுப்பினார். அது இணையத்தில் கசிந்து ஊர் உலகமே சிரித்தது. வீடியோ நேர்முகத் தேர்வுக்குப் பேர்போன ஹயர்வியூ நிறுவனம், விண்ணப்பதாரியின் முகபாவத்தைக் கணினியால் அளந்து பார்த்தது. கண்டனம் வலுத்ததால் அதைக் கைவிட்டதாக 2021இல் அறிவித்தது. அதே ஆண்டு டிக்டொக் அமெரிக்காவில் வீடியோ விண்ணப்பத்தைப் பரீட்சித்துப் பார்த்தது.

எங்கள் ஊருக்கு இது என்ன செய்யும்? போன வருடம் ஒரு பிள்ளை வீடியோ எடுக்க வந்தது. நல்ல தையல்காரி. சின்ன வயதில் ஷெல் துண்டு கீறிய தழும்பு வலது கன்னத்தில். போனைத் தூக்கியதும், "மாமா, இந்தப் பக்கத்தால எடுக்கலாமோ?" என்று இடப்பக்கம் திரும்பியது. "முகம் கிடக்கட்டும் பிள்ளை, மெஷினில கையை வையும்" என்றேன். ஊசிக்கு அடியில் துணி வளைந்து ஓட, சட்டைக் கழுத்துப் பட்டி ஒரு சுருக்கமும் இல்லாமல் பொருந்துவதை எடுத்தோம். சான்றிதழ் தொலைந்தவருக்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. ஒட்டு வேலை பழகியவர் ஒட்டிக் காட்டலாம். மேசன் சுவர் கட்டிக் காட்டலாம்.

ஆனால் முகத்தை மட்டும் கேட்டால், தழும்பும் ஊன்றுகோலும் தட்டுத் தடுமாறும் சிங்களமும் முதல் நொடியிலேயே தகைமையை முந்திக்கொள்ளும். கச்சேரியிலும் ஆளைப் பார்த்தார்கள்தான். ஆனால் பார்த்த அதிகாரி அப்பாவுக்கு முன்னால் இருந்தார். தண்ணிக்கு வழி கேட்க முடிந்தது. வீடியோவைப் பார்க்கிறவர் யார், எத்தனை நொடி பார்த்தார், ஏன் தள்ளினார் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது.

ஆகவே வேலைத் தளம் நடத்துகிறவர்களிடம் கேட்பது மூன்று. முதல் வடிகட்டல் முடியும்வரை முகம் தெரியும் வீடியோவைத் திறக்காதீர்கள். செய்யும் வேலையைக் காட்டும் வீடியோவை வாங்குங்கள். தள்ளிவிட்டால், பார்த்தவரின் பெயரோடு காரணத்தை இரண்டு வரியில் எழுதி அனுப்புங்கள். பதிவுத் தபாலுக்குக்கூடச் சேர்ந்ததென்று ஒரு அத்தாட்சி வந்தது.