கைமொழித் தூதுவரும் தகுதித் தேர்வும்

ஒருவர் கூறியதை மற்றொருவரிடம் பழுதின்றிக் கொண்டு சேர்த்தல் எளிய செயலன்று. அதன் அருமையை உணர்ந்தே வள்ளுவர் பெருமான் தூதுவனின் இலக்கணத்திற்கென்று தனியோர் அதிகாரம் வகுத்தார். பிற்காலத்தில் ஐரோப்பிய வணிகர் நம் கடற்கரைக்கு வந்தபோது, இரு மொழியும் அறிந்த துபாஷிகள் தோன்றினர். புதுச்சேரியில் துய்ப்ளேக்ஸ் துரையிடம் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு இன்றும் வரலாற்று மாணவர்களுக்குப் பெருஞ் செல்வமாக இருக்கிறது. துபாஷியின் இருபுறமும் நிற்போர் இருவருக்கும் ஒரு மொழியே தெரியும். ஆகவே, அவர் சரியாகச் சொன்னாரா, கூட்டிச் சொன்னாரா, குறைத்துச் சொன்னாரா என்பதை அவ்விருவராலும் அறிய இயலாது. தம்மால் சோதித்துப் பார்க்க முடியாத ஒருவரை அவர்கள் நம்பியே தீர வேண்டும். அப்படியானால் அவரைச் சோதிப்பவர் யார்? இவ்வினாவுக்கு, செவிப்புலன் இல்லாதோரின் மொழிபெயர்ப்பாளர்கள் கண்ட விடையே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் ஒரு பிழையான எண்ணத்தை நீக்கிக்கொள்வோம். சைகை மொழி என்பது உலகம் முழுமைக்கும் பொதுவான ஒன்று எனப் பலர் கருதுகின்றனர், அது தவறு. ஆங்கிலமே பேசும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் செவிப்புலன் இல்லாதோர் கையாளும் சைகை மொழிகள் வெவ்வேறானவை. அமெரிக்கச் சைகை மொழி பிரெஞ்சுச் சைகை மொழியோடு உறவுடையது. ஒவ்வொன்றுக்கும் தனிச் சொற்களும் தனி இலக்கணமும் உண்டு. கையசைவு மட்டுமன்றி, புருவமும் கண்ணும் முகக்குறிப்பும் அவ்விலக்கணத்தின் உறுப்புகளாகும். ஆகவே, இரண்டொரு சைகை அறிந்தவரெல்லாம் மொழிபெயர்ப்பாளர் ஆகிவிடமாட்டார்.

இதனை நான் நூல்களில் கற்பதற்கு முன்னரே ஒரு சிறுமியிடம் கற்றேன். 1998-ஆம் ஆண்டில் நான் ஒரு நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியனாக இருந்தேன். ஏழாம் வகுப்பில் பயின்ற ஒரு மாணவி அடிக்கடி பள்ளிக்கு வராதிருந்தாள், கணக்கிலும் பின்தங்கினாள். பெற்றோரை அழைத்து வரச் சொன்னேன். தந்தையார் தையல் தொழிலாளி. தந்தை, தாய் இருவருக்கும் செவிப்புலன் இல்லை. அவர்களுக்கு எழுதப் படிக்கவும் தெரியாது. ஆகவே, நான் கூறியவற்றை அச்சிறுமியே சைகையில் எடுத்துரைத்தாள். அவளுடைய குறைகளை நான் கண்டிப்புடன் அடுக்கினேன். அவள் சிறிது நேரம் கைகளை அசைத்தாள். தந்தையாரின் முகம் மலர்ந்தது. அவர் இரு கைகளையும் கூப்பி என்னை வணங்கிச் சென்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அடுத்த வாரம் அவளுடைய தாய்மாமன் வந்தார். "ஐயா, பிள்ளை நன்றாகப் படிக்கிறாள் என்று நீங்கள் பாராட்டியதாக மாப்பிள்ளை ஊரெல்லாம் சொல்லி மகிழ்கிறார்" என்றார். பிறகு மற்றொன்றும் சொன்னார். தாய்க்கு உடல்நலம் இல்லை. மருத்துவமனைக்குப் போகும் நாளெல்லாம் உடன் செல்பவள் அச்சிறுமியே. நோய் இன்னதென்று மருத்துவர் கூறியதையும் தாயிடம் சொன்னவள் அவளே. பன்னிரண்டு வயதுக் குழந்தை தன் தாயின் நோயைத் தன் கைகளாலேயே தாய்க்கு உரைக்க நேர்ந்தது! அவள் பொய் சொன்னாள் என்று என்னால் சினக்க முடியவில்லை. அவளை அந்நிலையில் நிறுத்தியவன் நானல்லவா? தன் குற்றச்சாட்டைத் தானே படித்துக் காட்டும்படி நாம் எவரையும் ஏவுவதில்லை, நான் ஏவினேன். அன்று தொடங்கியே இத்துறையின் வரலாற்றை நான் தேடிப் படிக்கலானேன்.

நிற்க. 18-ஆம் நூற்றாண்டில் பாரிசு நகரில் டெ லெப்பே என்னும் பாதிரியார் செவிப்புலன் இல்லாத சிறுவர்களுக்குச் சைகை வாயிலாகக் கல்வி புகட்டினார். அவர் நிறுவிய பள்ளியில் பயின்று, அங்கேயே ஆசிரியரானவர் லோரான் கிளேர். அவரும் செவிப்புலன் இல்லாதவரே. தாமஸ் காலடெட் என்னும் அமெரிக்கர் அவரை அழைத்துச் செல்ல, 1817-ஆம் ஆண்டில் இருவரும் கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்டு நகரில் ஒரு பள்ளியைத் தொடங்கினர். 1864-இல் வாசிங்டன் நகரில் செவிப்புலன் இல்லாதோர்க்கென ஒரு கல்லூரி பட்டம் வழங்கும் உரிமை பெற்றது. அதுவே இன்றைய காலடெட் பல்கலைக்கழகம்.

இவ்வாறு தழைத்த பயிருக்கு 1880-ஆம் ஆண்டில் ஒரு பேரிடி விழுந்தது. இத்தாலியின் மிலான் நகரில் கூடிய கல்வி மாநாடு, பேச்சு முறையே சிறந்ததெனத் தீர்மானித்தது. அங்கு கூடியோரில் மிகப் பெரும்பாலோர் செவிப்புலன் உடையோர் என்பது நினைவிற்கொள்ளத் தக்கது. அதன்பின் பல நாடுகளில் வகுப்பறைகளிலிருந்து சைகை மொழி விரட்டப்பட்டது. ஆயினும் மொழி மடியவில்லை. விடுதிகளிலும் வீடுகளிலும் சங்கங்களிலும் மறைந்து வாழ்ந்தது. 2010-ஆம் ஆண்டில்தான், கனடாவின் வான்கூவர் நகரில் கூடிய அதே மாநாட்டின் வழித்தோன்றல், மிலான் தீர்மானங்களைப் புறந்தள்ளி வருத்தம் தெரிவித்தது.

பள்ளியில் மதிப்பிழந்த மொழிக்குத் தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் எங்ஙனம் தோன்றுவர்? பிள்ளைகளும் உறவினரும் பாதிரியாரும் ஆசிரியருமே இப்பணியைச் செய்து வந்தனர். பெரும்பாலும் ஊதியம் இல்லை, விதிமுறையும் இல்லை. அன்பே அவர்தம் தகுதி. ஆனால் அன்பு மிகுந்தவர் சில வேளைகளில் நடுவர் ஆகிவிடுவார். 'இதைச் சொன்னால் வருந்துவாரே' என்று ஒன்றை மறைப்பார். 'இதுவே நல்லது' என்று ஒன்றைச் சேர்ப்பார். என் மாணவி செய்ததும் அதுதானே!

1960-ஆம் ஆண்டில் ஒரு திருப்பம் நேர்ந்தது. காலடெட் கல்லூரியின் ஆங்கிலப் பேராசிரியர் வில்லியம் ஸ்டோக்கி, சைகை மொழியின் அமைப்பை ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டார். சைகையும் பேச்சு மொழிகளைப் போலவே அமைப்புடைய முழுமொழி என்பதற்கு அது அடிகோலியது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1964-ஆம் ஆண்டு சூன் திங்களில், இந்தியானா மாநிலத்து மன்சி நகரில் இருந்த பால் ஸ்டேட் ஆசிரியர் கல்லூரியில் ஒரு பயிலரங்கு கூடியது. இத்துறையின் முதல் தேசியப் பதிவுக் கழகம் ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலேதான் பிறந்தது. ஆசிரியர் பயிற்சி பெற்ற எனக்கு இதில் தனி மகிழ்ச்சி உண்டு.

அக்கழகம் ஓர் ஒழுக்க நெறியை வகுத்தது. கேட்டதை வெளியே சொல்லலாகாது. கூட்டலும் குறைத்தலும் கூடாது. அறிவுரை கூறலாகாது. எப்பக்கமும் சாய்தல் ஆகாது. தன் திறமைக்கு மிஞ்சிய பணியை ஏற்றல் கூடாது. சுருங்கச் சொன்னால், மொழிபெயர்ப்பாளர் பாலமாக இருத்தல் வேண்டும். பாலம் நடந்து செல்வோரை வழிமறிக்காது.

எனினும் தொடக்கத்தில் பதிவேட்டில் சேர்வதற்கு, உறுப்பினரின் பரிந்துரையே போதுமானதாக இருந்தது. பரிந்துரை நட்புக்குச் சான்றாகலாம், திறமைக்குச் சான்றாகாது. எனவே 1972-ஆம் ஆண்டில் முறையான தேர்வும் சான்றிதழும் ஏற்பட்டன. பேச்சைச் சைகையாக்கும் ஆற்றல், சைகையைப் பேச்சாக்கும் ஆற்றல், ஒழுக்க நெறி பற்றிய அறிவு ஆகியவை சோதிக்கப்பட்டன. மதிப்பிடுவோர் வரிசையில் செவிப்புலன் இல்லாதோரும் அமர்ந்தனர். சோதித்துப் பார்க்க இயலாதிருந்த மக்களே சோதிப்போராக அமர்ந்தனர். இதுவே, தொடக்கத்தில் நான் எழுப்பிய வினாவுக்குக் கிடைத்த விடை.

சட்டமும் துணை நின்றது. 1973-ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டத்தின் 504-ஆம் பிரிவு, அமெரிக்க நடுவண் அரசின் பொருளுதவி பெறும் நிறுவனங்கள் உடற்குறையுடையோரை ஒதுக்கலாகாது என்றது. 1978-ஆம் ஆண்டுச் சட்டம் நடுவண் நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பாளர் அமர்த்த வழி செய்தது. 1990-ஆம் ஆண்டில் அமெரிக்க மாற்றுத்திறனாளர் சட்டம் இயன்றது. அதன் விதிகள், பிழையின்றியும் நடுநிலை வழுவாமலும், வேண்டிய துறைச் சொற்களை அறிந்தும், இருபுறமும் மொழிபெயர்க்க வல்லவரே தகுதியுடையவர் என வரையறுத்தன. மாணவர்கள் இங்கு ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். அவ்விதிகள் தகுதியைக் கேட்டனவேயன்றிச் சான்றிதழைக் கேட்கவில்லை. வகுப்பறையில் வல்லவரான ஒருவர் அறுவை மருத்துவத்தின் சொற்களை அறியாதிருக்கலாம். சான்றிதழ் பொதுத் திறத்தைக் காட்டும். குறித்த இடத்திற்குரிய தகுதியை அந்தந்த இடத்தில் ஆராய்ந்தே அறிதல் வேண்டும்.

2010-ஆம் ஆண்டில் திருத்தப்பெற்ற அவ்விதிகளில் ஒன்று என் நெஞ்சைத் தொட்டது. உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து நேர்ந்து, வேறு மொழிபெயர்ப்பாளர் கிடைக்காத வேளையிலன்றி, உடன்வந்த சிறு குழந்தையை மொழிபெயர்க்கச் செய்தல் ஆகாது என்கிறது அது. இவ்விதியைப் படித்தபோது அந்தத் தையல் தொழிலாளியின் கூப்பிய கைகள் என் கண்முன் நின்றன.

தகுதியை ஆராயாவிடின் என்ன நேரும் என்பதை 2013-ஆம் ஆண்டு திசம்பர் 10-ஆம் நாள் உலகமே கண்டது. தென்னாப்பிரிக்காவின் ஜொகானஸ்பர்க் நகரில் நெல்சன் மண்டேலாவின் நினைவுக் கூட்டம் நடைபெற்றது. உலகத் தலைவர்கள் பேசினர். மேடையில் நின்ற மொழிபெயர்ப்பாளர் கைகளை அசைத்துக்கொண்டே இருந்தார். ஆனால் அவை பொருளற்ற அசைவுகள் எனச் செவிப்புலன் இல்லாதோர் உடனே கூறினர். கேட்கும் திறனுடைய பல்லாயிரவருக்கு அப்பிழை புலப்படவில்லை! தம் தலைவரின் பிரிவிலும் அம்மக்கள் வெளியே நிறுத்தப்பட்டனர். அதே நாட்டில் 2023-ஆம் ஆண்டில் சைகை மொழி பன்னிரண்டாவது ஆட்சி மொழியாயிற்று என்பது ஆறுதல் தரும் செய்தி.

ஆனால் தேர்வுக்கும் ஓர் எல்லை உண்டு. அமெரிக்கக் கழகம் 2012-ஆம் ஆண்டில், செவிப்புலன் உடைய தேர்வாளர்க்குப் பட்டப்படிப்பு வேண்டும் என விதித்தது. இப்பணிக்குப் பரந்த கல்வி இன்றியமையாதது என்றனர் ஒருசாரார். கருவிலேயே சைகை கற்றும், கல்லூரிக்குச் செல்ல வசதியற்றவர் விலக்கப்படுவரே என்றனர் மற்றொரு சாரார். இரண்டிலும் உண்மை உண்டு. வேலி பயிரைக் காக்க வேண்டும், உழவனைத் தடுக்கலாகாது. கல்விக்கு நிகரான அனுபவத்தையும் அளந்தறியும் மாற்று வழி இருத்தலே முறை என்பது என் கருத்து.

நம் நாட்டிலும் இப்பணி வேரூன்றி வருகிறது. 1992-ஆம் ஆண்டில் இந்திய மறுவாழ்வு மன்றத்திற்கான சட்டம் இயன்றது. 2015-ஆம் ஆண்டில் புதுதில்லியில் இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் நிறுவப்பட்டது. மொழிபெயர்ப்பாளர்க்கு ஈராண்டுப் பட்டயப் படிப்பும் நடைபெறுகிறது. 2018-ஆம் ஆண்டில் 3000 சொற்களுடன் சைகை மொழி அகராதி வெளிவந்தது. 2023-ஆம் ஆண்டில், செவிப்புலன் இல்லாத ஒரு வழக்கறிஞர் மொழிபெயர்ப்பாளர் துணையுடன் உச்ச நீதிமன்றத்தில் பங்கேற்றார். பாதை திறந்துவிட்டது, நடப்போர் வேண்டும்.

இளைஞர்களே, உங்களுள் சிலர் இத்தொழிலை மேற்கொள்ளலாம். பலர் மருத்துவராகவும் அலுவலராகவும் ஆசிரியராகவும் ஆகலாம். செவிப்புலன் இல்லாத ஒருவர் தம் குழந்தையுடன் உங்கள் முன் வந்து நிற்கும் நாள் வரும். அன்று அக்குழந்தையின் கைகளில் உங்கள் சொற்களின் சுமையை ஏற்றாதீர்கள். தகுதியுடைய ஒருவரை அழையுங்கள். அதுவரை காத்திருங்கள். என் மாணவிக்கு நான் செய்யத் தவறியது அது ஒன்றுதான்.