கேட்கிற ஒளி

வடதுருவ ஒளியை எழுதுகிறவர்கள் இயற்கையின் அதிசயம் என்று தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறார்கள். அதிசயத்துக்கு வரலாறு கிடையாது. அது பெரிய வசதி. அந்த ஒளி விழுகிற நிலம் ஆருடையது என்று பிறகு கேட்கத் தேவையில்லை.

எண்பதுகளின் கடைசியில் வட நோர்வேயில் ஒரு மக்கள் உயர்பாடசாலையின் விடுதியில் இருந்தேன். எங்கட பெடியள் பலர் அந்த வழியாகத்தான் நோர்வேக்குள் வந்தார்கள். ஒரு இரவு வானம் முழுக்கப் பச்சைத் திரை. எங்களில் ஒருவன் விசிலடித்தான். பக்கத்து அறைச் சாமி இனப் பெண் உடனே தடுத்தாள்: "விசிலடிக்காதே, இறங்கி வந்து தூக்கிப்போகும்." பிறகு சொன்னாள்: "அம்மா படிச்சதும் விடுதியிலதான். அங்க எங்கட பாஷை கதைக்கேலாது."

விடுதி என்ற சொல்லுக்கு அந்த நிலத்தில் வேறு அர்த்தம் இருந்தது. 1898இன் அரசு அறிவுறுத்தல் வகுப்பறையில் சாமி மொழியை ஒரு துணைக்கருவி அளவுக்குச் சுருக்கியது. 1905இலிருந்து ஃபின்மார்க்கில் அரசு விடுதிப் பாடசாலைகள் எழுந்தன. பிள்ளைகளை வீட்டிலிருந்தும் மொழியிலிருந்தும் பிரித்து நோர்வேஜியராக்குவதே திட்டம்.

அதே காலத்தில்தான் அறிவியலும் வடக்கே வந்தது. 1882-83இல் சோஃபுஸ் த்ரொம்ஹொல்ட் கௌத்தொகெய்னோவில் ஒளியைப் படமெடுக்க முயன்றார். வானம் பதியவில்லை, அவர் எடுத்த சாமி மக்களின் முகங்கள் பதிந்தன. 1892இல் மார்ட்டின் ப்ரெண்டெல் அல்தாவில் ஒளியின் முதல் புகைப்படத்தை எடுத்தார். 1899இல் ஹால்டே மலையுச்சியில் கிறிஸ்தியன் பிர்க்லண்ட் ஆய்வுக்கூடம் அமைத்தார். சூரியனிலிருந்து வரும் மின்னூட்டத் துகள்களைப் பூமியின் காந்தப்புலம் துருவங்களுக்குத் திருப்புகிறது என்றார். வெற்றிடப் பெட்டியில் காந்த உருண்டையை வைத்து அதைச் செய்தும் காட்டினார். அடிப்படையில் அவர் சொன்னது சரி. 1994இல் 200 குரோணர் தாளில் அவர் முகம் வந்தது.

ஹால்டேயின் அடிவாரம் கோஃபியோர்ட். 1852 கௌத்தொகெய்னோ கிளர்ச்சிக்காக 1854இல் தலை வெட்டப்பட்ட அஸ்லாக் ஹெத்தா, மொன்ஸ் சொம்பி என்ற இரண்டு சாமி மனிதர்களின் உடல்கள் அங்கே கிடந்தன. தலைகளோ ஆராய்ச்சிக்கென்று கிறிஸ்தியானியா பல்கலைக்கழகத்துக்குப் போயின. பிர்க்லண்ட் பேராசிரியராக இருந்ததும் அதே பல்கலைக்கழகம்தான். 1997இல்தான் மண்டையோடுகள் கோஃபியோர்டுக்குத் திரும்பிப் புதைக்கப்பட்டன.

இதற்காக பிர்க்லண்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. ஒக்சிசன் பச்சையாய் எரிவது உண்மை. ஒளியின் கீழ்விளிம்பு சுமார் 100 கிலோமீற்றர் உயரத்தில் என்பதும் உண்மை. என் கேள்வி வேறு. வானத்தை அளந்த நிறுவனமே மண்டையோட்டையும் அளவுப்பொருளாக்கியது. ஒன்று அறிவின் வரலாறாக நோட்டில் அச்சாகிறது, மற்றது பெட்டிக்குள் மௌனமாகிறது. இந்தப் பங்கீட்டைச் செய்தது ஆர்?

வட சாமி மொழியில் இந்த ஒளிக்குப் பெயர் குவொவ்சகஸ். கேட்கக்கூடிய ஒளி என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். நோர்வேயின் உண்மை ஆணைக்குழு 2023இல் அறிக்கை தந்தது. 2024 நவம்பரில் பாராளுமன்றம் மன்னிப்புக் கேட்டது. நல்லது. ஆனால் மன்னிப்பு எந்த மொழியையும் வகுப்பறைக்குத் திருப்பிக் கொண்டுவராது. அந்தப் பெயரை நாளைக்கு எந்தப் பிள்ளை, எந்தப் பாடசாலையில், ஆரிடம் கற்கும்? மொழிக்காகவும் ஊரை விட்டு வந்த நாங்கள் இதைக் கேட்காமல் வானத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போக முடியாது.