குடலிறக்கச் சத்திரசிகிச்சையின் வரலாறு

மனிதனுடைய வயிற்றுச் சுவர் தசைகளாலும் சவ்வுகளாலும் படைபடையாக அமைந்தது. அச்சுவரில் இயல்பாகவே வலிகுன்றிய இடங்கள் சில உள. அவற்றுள் முதன்மையானது கவட்டுப் பகுதியாகும். ஆண் குழவி கருவிலிருக்கும்போது அதன் விரைகள் வயிற்றினுள்ளே தோன்றி, பின்னர்க் கீழிறங்கிப் பையை அடைகின்றன. அவை இறங்கும் சாய்வான வழியே கவட்டுப் புழை. அப்பகுதியிற் சுவர் தளர்ந்தவிடத்துக் குடலின் ஒரு கூறு வெளிநோக்கித் தள்ளப்பட்டுப் புடைத்து நிற்பதனையே குடலிறக்கம் என்பர். படுத்தால் உள்ளே சென்று, எழுந்தால் வெளியே வரும் இப்புடைப்பு, பல்லாண்டு தீங்கின்றி இருத்தலும் உண்டு. ஆனால் இறங்கிய குடல் நெரிபட்டுக் குருதியோட்டம் தடைப்படுமாயின் சில மணி நேரத்துள் அஃது அழுகத் தொடங்கும். உடனே கவனியாவிடின் உயிருக்கே இறுதியாகும்.

இந்நோயைப் பண்டையோர் நன்கறிந்திருந்தனர். சுசுருத சங்கிதை ஏழு வகை விருத்தி நோய்களை வகுத்து, குடல் இறங்குவதால் உண்டாவதனை அந்திரவிருத்தி எனப் பெயரிட்டு, கவட்டிற் சுடுகோலாற் சுடும் முறையையும் கூறுகின்றது. உரோமாபுரியில் முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த செல்சசு என்பாரும் இதற்குரிய சத்திரசிகிச்சையை எழுதிவைத்தார். எனினும் இடைக்கால ஐரோப்பாவில் இத்தொழில் பெரும்பாலும் ஊர்ஊராகத் திரிந்த அறுப்போர் கையிற் சிக்கியது. அவர்கள் புடைப்பை அறுக்கும்போது விரையையும் சேர்த்து அகற்றிவிடுவது வழக்கமாயிருந்தது. 16ஆம் நூற்றாண்டிற் பிரான்சிய சத்திரவைத்தியர் அம்புருவாசு பாரே இக்கொடிய வழக்கத்தைக் கண்டித்தார். கத்திக்கு அஞ்சிய ஏனையோர் இடுப்பிற் கச்சுப் பட்டை கட்டிக் காலங்கழித்தனர்.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உடற்கூற்றறிஞர் இப்பகுதியை நுணுகி ஆராயலாயினர். இங்கிலாந்திற் சேர் அசுலி கூப்பர் 1804ஆம் ஆண்டிலே குடலிறக்கம்பற்றிய பெருநூலின் முதற் பகுதியை வெளியிட்டார். கவட்டுப் புழையின் பின்சுவராக அமைந்த மெல்லிய சவ்வொன்றை அவர் தெளிவாக விளக்கினார். இச்சவ்வே பின்வந்த வரலாறு முழுவதற்கும் மையமாயிற்று என்பது நினைவில் இருத்தற்பாலது. ஆயினும் அறிவு வளர்ந்த அளவுக்குச் சிகிச்சை வளரவில்லை. வலியும் சீழும் வழிமறித்தன. 1846ஆம் ஆண்டு பொஸ்ரன் நகரில் ஈதர் மயக்கம் வெற்றியாகக் காட்டப்பெற்றது. 1867இல் லிஸ்ரர் கிருமியெதிர்ப்பு முறையை வெளியிட்டார். தடைகள் இரண்டும் நீங்கின. ஆனால் நோய் நீங்கவில்லை. சத்திரவைத்தியர்கள் வெளிப்புறத்திலே பையைக் கட்டி அறுத்துவிட்டு, புண் ஆறித் தழும்பு இறுகினாற் போதும் என எண்ணினர். தளர்ந்த சுவரோ தளர்ந்தபடியே கிடந்தது. ஆதலின் குடல் மீண்டும் இறங்கியது.

இந்நிலையிலே தோன்றியவர் எடுவார்தோ பசீனி. 1844இல் இத்தாலியின் பவியா நகரிற் பிறந்த இவர், 1866இல் மருத்துவப் பட்டம் பெற்றார். தாய்நாட்டின் ஒற்றுமைக்காகத் தொண்டர் படையிற் சேர்ந்து, 1867இல் உரோமாபுரிக்கு அண்மையிலுள்ள வில்லா குளோரியில் நடந்த போரில் ஈடுபட்டார். அங்கே பகைவரின் துவக்குமுனைக் கத்தி அவருடைய கவட்டிற் பாய்ந்து குடலையும் ஊறுபடுத்தியது. சிறைப்பட்டு, பல மாதம் புண்ணோடு துன்புற்றே அவர் பிழைத்தார். பின்னாளில் எப்பகுதியைச் செப்பஞ்செய்து புகழ் பெற்றாரோ, அப்பகுதியிலேயே அவர் காயமுற்றது வியப்புக்குரியது. நலம்பெற்றபின் வியன்னா, பேர்லின், இலண்டன் ஆகிய நகரங்களிற் பெருமருத்துவரிடம் பயின்று, ஈற்றிற் பாதுவாப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியரானார்.

பசீனி கேட்ட கேள்வி எளியது: இயற்கை அமைத்த கவட்டுப் புழையை மீண்டும் அவ்வாறே அமைத்தல் கூடாதோ? 1884இல் தொடங்கிய அவர் முறை வருமாறு. முதலிற் புழையின் முன்சுவரைத் திறந்தார். குடலிறங்கிய பையை அதன் அடிவரை சென்று கட்டினார். பின்னர், கூப்பர் விளக்கிய அப்பின்சுவர்ச் சவ்வையும் கீறித் திறந்தார். அச்சவ்வையும் அதன்மேலுள்ள இரு தசைகளையும் ஒருசேரச் சேர்த்து, விரைநாணின் பின்னே, கவட்டுத் தசைநாரோடு தைத்தார். இவ்வாறு புதிய பின்சுவர் எழுந்தது. நாணை அதன்மேற் கிடத்தி முன்சுவரை மூடினார். 1887இல் இம்முறையை இத்தாலியச் சத்திரவைத்தியர் அவையில் எடுத்துரைத்தார். 1889இல் நூலாக வெளியிட்டார். செய்த சிகிச்சைகள் 262. நோய் மீண்டவை நூற்றுக்கு மூன்றளவே.

இவ்வெண்ணிக்கைக்குப் பின்னால் நின்ற உழைப்பும் கருதத்தக்கது. வைத்தியசாலையை விட்டுச் சென்றவர்களை மறந்துவிடாது, ஆண்டுக்கணக்காகத் தேடிச்சென்று பார்த்துப் பசீனி பதிவு செய்தார். நோய் மீண்டவர்களையும் மறைக்காது கணக்கிட்டார். அமெரிக்காவில் ஆல்சுதெட்டும் ஏறத்தாழ அதே காலத்தில் ஒத்த முறையொன்றை வெளியிட்டார்.

அடுத்து நிகழ்ந்ததே இவ்வரலாற்றிற் பெரிதும் சிந்திக்கத்தக்க பகுதி. பசீனியின் பெயர் உலகெங்கும் பரவியது; பசீனியின் முறை அவ்வாறு பரவவில்லை. கடல்கடந்து சென்ற சிகிச்சையிற் பின்சுவர்ச் சவ்வைக் கீறும் படி மெல்ல நழுவியது. தசைகளை மட்டும் இழுத்துத் தசைநாரோடு தைத்துவிட்டு, அதனையே பசீனி முறை எனப் பலர் வழங்கினர். குடலிறக்கம் மீண்டும் மிகுந்தது. பழி பசீனிமேல் விழுந்தது. இதனைக் கண்டு பொறாத அவர் மாணாக்கர் அத்தீலியோ கத்தெரீனா, ஆசிரியரின் செய்முறையைப் படிப்படியாக ஓவியங்களுடன் நூலாக்கினார். அதன் ஆங்கிலமொழிபெயர்ப்பு 1934இல் இலண்டனில் வெளிவந்தது. ஆசிரியர் இறந்து அப்போது பத்தாண்டு கடந்திருந்தது.

விடுபட்ட படியை மீட்டு வளர்த்தவர் கனடா நாட்டு எட்வேட் ஏள் சூல்டைசு. இரண்டாம் உலகப் போர்க்காலத்திற் படையிற் சேர விரும்பிய இளைஞர் பலர் குடலிறக்கத்தாற் தள்ளப்பட்டமை அவர் கவனத்தை ஈர்த்தது. 1945இல் ரொறன்ரோ நகரில் இந்நோய்க்கெனவே ஒரு வைத்தியசாலையை அவர் நிறுவினார். அவரும் துணைவரும் பின்சுவர்ச் சவ்வைத் திறந்து, அதன் ஓரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து, நான்கு வரிசையாகத் தைத்தனர். அவ்விடம் மட்டும் மரத்துப்போக மருந்திட்டுச் செய்தமையால் நோயாளர் உடனே எழுந்து நடந்தனர். வாரக்கணக்கிற் படுக்கையிற் கிடக்கும் பழைய வழக்கம் அங்கே ஒழிந்தது. நோய் மீளல் நூற்றுக்கு ஒன்றளவுக்குக் குறைந்தது.

எனினும் தையல் எத்துணைத் திறமையானதாயினும், விலகிநின்ற உறுப்புக்களை இழுத்துக் கட்டுவதால் இழுவிசை எஞ்சுகின்றது. நலிந்த திசு அதனைத் தாங்காது. அமெரிக்காவிற் பிரான்சிசு அசர் 1958ஆம் ஆண்டளவிற் செயற்கை இழைவலையாற் சுவருக்கு ஒட்டுப்போடும் வழியைக் காட்டினார். லிச்ரென்ஸ்ரைன் 1980களில் அதனை இழுவிசையற்ற எளிய முறையாகச் செப்பனிட்டுப் பரப்பினார். 1990களிற் சிறு துளைகள்வழி கருவி செலுத்தி உள்ளிருந்தே வலை பொருத்தும் முறையும் நிலைபெற்றது. வலையின் விலை வறிய நாடுகளுக்குப் பெருந்தடையாயிற்று. அதற்கும் வழி பிறந்தது. உகண்டாவில் 302 ஆண்களிடை நிகழ்த்தி 2016இல் வெளியிட்ட ஆய்வு, கிருமிநீக்கிய நுளம்புவலைத் துணி விலைமிகுந்த வலைக்கு ஒப்பாகவே ஓராண்டளவும் பயன்பட்டதைக் காட்டியது.

வலையும் குறையற்றதன்று. சிகிச்சைக்குப்பின் நீங்காத வலியால் வருந்துவோர் உளர். 2018இல் வெளிவந்த பன்னாட்டு வழிகாட்டி, பெரும்பாலார்க்கு வலையையே பரிந்துரைத்து, வலை வேண்டாதவிடத்துச் சூல்டைசு முறையே சிறந்ததெனக் கூறுகின்றது. பசீனி கீறிய சவ்வு இன்றும் வழக்கிலிருந்து மறையவில்லை என்பதற்கு இது சான்று.

ஒரு முறையைக் கற்பவர் அதன் படிகளை மட்டும் கொண்டு, காரணத்தைக் கைவிடுவராயின், கடினமான படி முதலில் உதிரும். பெயர் மட்டும் எஞ்சும். பசீனிக்கு நேர்ந்தது அது. பின்சுவரே நோயின் இருப்பிடம் என்னும் காரணத்தை உணர்ந்தோர்க்கு அப்படியை விடுதல் இயலாது. நோயாளரைப் பின்தொடர்ந்து எண்ணியமையால் அக்குறை வெளிப்பட்டது. ஆசிரியர் செய்ததை உண்மையாக எழுதிவைத்த மாணாக்கரால் அது திருத்தற்குரியதாயிற்று. கல்வித் துறை எதற்கும் இவ்விரண்டும் இன்றியமையாதனவாம்.